சி மைனஸ் வாங்கிய சூனியக்காரி

2016 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் 2,046 தியேட்டர்களில் 'தி விட்ச்' என்ற பேய்ப்படம் வெளியானது. ஓராண்டுக்கு முன்பே சண்டான்ஸ் திரைப்பட விழாவில் ராபர்ட் எக்கர்ஸுக்கு இயக்குநர் விருது வாங்கிக் கொடுத்துவிட்ட படம் அது. விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தூக்கிவைத்து எழுதியிருந்தார்கள். திகில் கதை எழுதி ஊரையே பயமுறுத்திச் சம்பாதித்த ஸ்டீபன் கிங்கூட, இந்தப் படம் தன்னை நடுங்க வைத்துவிட்டதாக ட்விட்டரில் சொன்னார். ஆனால் முதல் நாள் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஜனங்கள் போட்ட மதிப்பெண் சி மைனஸ். பள்ளிக்கூடக் கணக்கில் பாஸ்தான். ஆனால் வீட்டில் காட்டத் தயங்குகிற பாஸ்.

'விமர்சகருக்குப் பிடித்தது, ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த வரியில் எதுவும் விளங்காது. இந்தப் படத்தின் பயம் பாதிதான் கண்ணுக்குத் தெரிகிறது. மீதி வசனத்தில் இருக்கிறது. ஒருவர் சொன்ன பொய், இன்னொருவர் விளையாட்டாகச் சொன்ன சொல், ஒரு தகப்பன் சொல்லாமல் விழுங்கியது, எல்லாம் அரை மணி நேரம் கழித்து உருவெடுத்துத் திரும்பி வருகின்றன. அந்த வசனமோ பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலம், அதுவும் முணுமுணுப்பில். காதில் விழாதவர்களுக்குக் காடும் ஆடும்தான் மிஞ்சின. முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மேலே படிக்கலாம். 92 நிமிடம்தான்.

முதலில் அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிடுவோம். அதைப் போடுவது சினிமாஸ்கோர் என்ற நிறுவனம். லாஸ் வேகஸைச் சேர்ந்தது. எட் மின்ட்ஸ் என்பவர் 1979-ல் தொடங்கியது. பெரிய அளவில் வெளியாகும் படங்களுக்கு, வெளியாகும் நாளன்று, வட அமெரிக்காவில் தேர்ந்தெடுத்த சில நகரங்களின் தியேட்டர் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். படம் பார்த்து வருகிறவர்களிடம் ஒரு சிறிய அட்டை கொடுப்பார்கள். ஆணா பெண்ணா, வயது என்ன, எதற்காக இந்தப் படத்துக்கு வந்தீர்கள், என்ன மதிப்பெண் தருகிறீர்கள் என்ற மாதிரி சில கேள்விகள். விடைகளைச் சேர்த்து ஏ பிளஸில் தொடங்கி எஃப் வரை ஓர் எழுத்து தருவார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் நாளே காசு கொடுத்து வருகிறவர் ஏற்கெனவே பாதி மனதைக் கொடுத்துவிட்டு வந்தவர். டிரெய்லர் பார்த்து, நண்பரை இழுத்துக்கொண்டு, ஒரு எதிர்பார்ப்போடு வந்தவர். அதனால் சாதாரணமான படங்களுக்கும் பி, பி பிளஸ் சுலபமாகக் கிடைத்துவிடும். சி என்று வந்தால், 'கேட்டது ஒன்று, பரிமாறியது வேறு' என்று அர்த்தம். ஆக, அந்த எழுத்து படத்தின் தரத்தை அளப்பதைவிட, விளம்பரத்துக்கும் படத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை நன்றாக அளக்கிறது.

பேய்ப்படங்களுக்கு இந்தத் தூரம் எப்போதுமே அதிகம். 2013-ல் 'தி கான்ஜுரிங்' ஏ மைனஸ் வாங்கியதை அதிசயமாகப் பேசினார்கள். 2017-ல் 'இட் கம்ஸ் அட் நைட்' டி வாங்கியது. அதே ஆண்டு 'மதர்!' எஃப். 2018-ல் 'ஹெரிடிட்டரி' டி பிளஸ். இந்த மதிப்பெண்களை வசூலோடு ஒட்டிப் பார்த்தால் இன்னொன்று தெரியவரும். முதல் வார இறுதி வசூலைப் போல மொத்த வசூல் எத்தனை மடங்கு என்று பார்ப்பது வியாபாரத்தில் பழைய கணக்கு. வாய்வழிப் பேச்சு நன்றாக இருந்தால் மடங்கு கூடும். ஏ மைனஸ் வாங்கிய 'தி கான்ஜுரிங்' அமெரிக்கா, கனடாவில் முதல் வார இறுதியில் சுமார் 4.2 கோடி டாலர், மொத்தம் 13.7 கோடி, ஏறத்தாழ 3.3 மடங்கு. டி பிளஸ் வாங்கிய 'ஹெரிடிட்டரி' 1.36 கோடியில் தொடங்கி 4.4 கோடியில் முடிந்தது, 3.2 மடங்கு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் டி வாங்கிய 'இட் கம்ஸ் அட் நைட்' 2.3 மடங்கோடு சுருண்டது. 'தி விட்ச்' 88 லட்சத்தில் தொடங்கி 2.5 கோடியில் நின்றது. கிட்டத்தட்ட 2.9 மடங்கு. படம் எடுக்க ஆன செலவு 40 லட்சம் டாலர் அளவில். உலகம் முழுக்க வந்தது 4 கோடி. வாசலில் சி மைனஸ் போட்டவர்கள் வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். திட்டினாலும் பேச்சுதான்.

சரி, வந்தவர்கள் எதிர்பார்த்தது என்ன? டிரெய்லரில் காடு, காணாமல் போகும் குழந்தை, கறுப்பு ஆடு, வெறி பிடித்த இரட்டைக் குழந்தைகள், பின்னால் கிறீச்சிடும் இசை. எல்லாம் படத்தில் இருப்பவைதான். பொய் விளம்பரம் என்று சொல்ல முடியாது. ஆனால் டிரெய்லரில் இரண்டு நிமிடத்தில் வருவது படத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குப் பரவியிருக்கிறது. திடீரென்று கத்தித் தூக்கிவாரிப் போட வைக்கும் வித்தையில் எக்கர்ஸுக்கு அக்கறையே இல்லை. மெதுவாக இருக்கிறது, பயமே இல்லை, பேசுவது புரியவில்லை என்பவைதான் திரும்பத் திரும்ப எழுந்த மூன்று புகார்கள். மூன்றாவதுதான் மற்ற இரண்டுக்கும் தாய்.

பொய்கள் எங்கே போய்ச் சேருகின்றன

கதை 1630-களில், அமெரிக்காவின் வடகிழக்கில் ஆங்கிலேயர் குடியேறிய நியூ இங்கிலாந்தில் நடக்கிறது. வேதத்தை மற்றவர்கள் சரியாகப் பின்பற்றவில்லை என்று குடியேற்றத்தாரோடு மோதிய வில்லியம், வீம்பில் ஊரைவிட்டு வெளியேற்றப்படுகிறான். மனைவி கேத்தரின், பருவப்பெண் தாமஸின், அவளுக்கு அடுத்த மகன் கேலப், இரட்டையர் மெர்சியும் ஜோனஸும். இவர்களோடு ஒரு காட்டோரத்தில் குடிசை போட்டு மக்காச்சோளம் விதைக்கிறான். அங்கே சாமுவேல் என்று ஒரு கைக்குழந்தையும் சேர்கிறது. தாமஸின் முகத்தைக் கையால் மூடித் திறந்து அந்தக் குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை கையை எடுக்கும்போது துணிதான் கிடக்கிறது.

இதற்கப்புறம் நடப்பதெல்லாம் காட்டிலிருந்து வருகிற மாதிரி தோன்றும். கூர்ந்து கேட்டால் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

கேத்தரினுக்கு அவள் அப்பா கொடுத்த வெள்ளிக் கிண்ணம் ஒன்று காணாமல் போகிறது. பழி தாமஸின் தலையில் விழுகிறது. அந்தக் கிண்ணத்தை விற்று வேட்டைப் பொறி வாங்கியவன் வில்லியம். மனைவி மகளைக் கரித்துக்கொட்டும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறான். உண்மை தெரிந்த கேலபிடம், அம்மாவிடம் சொல்லாதே என்று வாக்கு வாங்கியிருக்கிறான். இருவரும் காட்டுக்குப் போய்த் திரும்பியதும், எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்கிறாள். அப்பாவைக் காப்பாற்ற கேலப் ஒரு பொய் சொல்கிறான்: ஆப்பிள் மரம் பார்த்ததாக நினைத்தேன், அதைத் தேடிப் போனோம். கேத்தரினுக்கு ஆப்பிள் என்றதும் இங்கிலாந்து ஞாபகம் வந்துவிடுகிறது. காட்சி அவ்வளவுதான். அவசரத்துக்குச் சொன்ன சில்லறைப் பொய்.

பின்னால் கேலப் காட்டில் வழிதவறி, சூனியக்காரி கையில் சிக்கி, அரை உயிராகத் திரும்புகிறான். ஜன்னி கண்டு துடிக்கிறான். பல்லைக் கிட்டித்துக்கொண்டவனின் வாயை வலுக்கட்டாயமாகத் திறக்கிறார்கள். உள்ளேயிருந்து இரத்தம் தோய்ந்த ஒரு ஆப்பிள் வந்து விழுகிறது.

அந்த ஆப்பிள் வசனத்தைக் கேட்டவருக்கு இந்த இடத்தில் முதுகுத்தண்டு சில்லிடும். கேட்காதவருக்கு இது 'ஏதோ ஆப்பிள், ஏவாள் கதை போல' என்று கடந்துபோகும் குறியீடு. ஒரே காட்சிதான், ஆனால் இரண்டு பேர் இரண்டு படம் பார்க்கிறார்கள்.

தாமஸின் விஷயமும் இதே மாதிரிதான். ஓடைக்கரையில் குட்டி மெர்சி வாய்த்துடுக்காக, குழந்தையைக் கொண்டுபோனது காட்டுச் சூனியக்காரி என்று வம்பு பேசுகிறாள். எரிச்சலில் தாமஸின், ஆமாம், அந்தச் சூனியக்காரி நான்தான், உன்னையும் தின்றுவிடுவேன் என்று மிரட்டுகிறாள். எந்த வீட்டிலும் அக்கா தங்கைக்குள் நடப்பதுதான். ஆனால் 1630-ல் இந்த வாக்கியம் ஒப்புதல் வாக்குமூலம். கேலப் துடிக்கும்போது மெர்சி அதை எடுத்துச் சபையில் வைக்கிறாள். அதற்குப் பிறகு தாமஸின் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. தகப்பனின் கிண்ணக் கதையை அவள் போட்டு உடைக்கும்போது, உன்னால் விறகு வெட்டுவதைத் தவிர வேறென்ன முடியும் என்று கேட்கிறாள். கோபம் வந்தால் விறகு வெட்டுவது அவன் வழக்கம். படம் முழுக்க அடுக்கிக்கொண்டே போகிறான். கடைசியில் வீட்டுக் கறுப்பு ஆடு முட்டி அவன் சரிவது அந்த விறகுக் குவியலின் மேல்தான். கட்டைகள் உருண்டு அவனை மூடிவிடுகின்றன.

இந்த மாதிரி வட்டியோடு திரும்பி வரும் கணக்குகள் இன்னும் இரண்டு மூன்று இருக்கின்றன, பார்ப்பவர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

நரகம் பக்கத்து அறையில்

வசனம் புரிந்தாலும் இன்னொரு கதவு திறக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குடும்பம் பியூரிட்டன் நம்பிக்கை கொண்டது. யார் மீட்கப்படுவார், யார் நரகத்துக்கு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார், நம் நடத்தையால் அதை மாற்ற முடியாது என்பது அந்த நம்பிக்கையின் மையம். வேட்டைக்குப் போகும் வழியில் வில்லியம் மகனுக்கு வேதபாடம் கேட்கிறான். பாவத்தில் கருவாகி, அக்கிரமத்தில் பிறந்தேன் என்று பையன் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறான். உடனே ஒரு கேள்வி கேட்கிறான்: அப்படியானால் சாமுவேல் நரகத்திலா இருக்கிறான்? அப்பாவிடம் பதில் இல்லை. கடவுளுக்குத்தான் தெரியும் என்கிறான். ஊரும் சபையும் விலக்கிய குடும்பத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் எங்கே நடக்கும்? சாமுவேல் அது இல்லாமலே போய்விட்டவன். கேத்தரின் நாள்முழுக்க அழுவது பிள்ளை செத்ததற்காக மட்டும் இல்லை. செத்தபின் எங்கே இருக்கிறது என்பதற்காக.

'சூனியக்காரி நிஜமா, இவர்கள் கற்பனையா?' என்று படம் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்கிறார்கள். கேள்வியே தப்பு. முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே அவள் குழந்தையை என்ன செய்கிறாள் என்று எக்கர்ஸ் காட்டிவிடுகிறார். ஞானஸ்நானம் பெறாத சிசுவின் உடலிலிருந்து தைலம் எடுத்துப் பூசிக்கொண்டால் பறக்கலாம் என்பது அந்தக் காலத்து ஐரோப்பியச் சூனிய நூல்களில் உள்ள நம்பிக்கை. இன்றைய மனோதத்துவம் கொண்டு அதை விளக்காமல், அன்றைய ஆள் எப்படி நம்பினானோ அப்படியே நம்பி எடுத்த படம் இது. கடைசி அட்டையிலும் அதைச் சொல்லிவிடுகிறார்கள்: நாட்டார் கதைகள், நாட்குறிப்புகள், நீதிமன்றப் பதிவுகள் முதலியவற்றிலிருந்து எடுத்தது, வசனத்தில் பெரும்பகுதி அவற்றில் உள்ளதே. தலைப்பில் டபிள்யூ எழுத்துக்குப் பதில் இரண்டு வி எழுத்துகளைச் சேர்த்து அச்சிட்டதும் அந்தக் காலத்துத் துண்டுப் பிரசுரங்களைப் பார்த்துத்தான்.

எர்காட் என்ற பயிர்ப் பூஞ்சையை வைத்துச் சொல்லும் விளக்கமும் அடிக்கடி கேட்கிறது. பயிரில் பூஞ்சை பிடித்திருக்கிறதே, அந்த விஷத்தைத் தின்று மூளை கலங்கிவிட்டது என்கிறார்கள். 1692-ல் நியூ இங்கிலாந்தின் சேலம் ஊரில் இருபது பேர் உயிரைப் பறித்த சூனிய வழக்குகளுக்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்று லிண்டா கேப்ரேல் 1976-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அதே ஆண்டு அதே இதழில் அதற்கு மறுப்பும் வந்தது. படத்தைப் பொறுத்தவரை ஒரு சின்ன இடைஞ்சல்: எர்காட்டுக்குப் பேர்போன பயிர் ரை என்ற தானியம். வில்லியம் விதைத்திருப்பது சோளம். நோயுற்ற கதிரைப் படத்தில் நெருக்கமாகக் காட்டுகிறார்கள் என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு முழுப் படத்தையும் விஷ மயக்கமாக்கினால், ஆப்பிள் எங்கிருந்து வந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

பெரிய மனுஷியானவளை என்ன செய்வது

தாமஸின் வயதுக்கு வந்துவிட்டாள் என்பது இந்த வீட்டின் பேசாத பிரச்சினை. ராத்திரி படுக்கையில் கேத்தரின் கணவனிடம் அதைச் சொல்கிறாள். பெண் பெரியவளாகிவிட்டாள், வேறொரு குடும்பத்தில் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்கிறாள். இது கொடுமைக்காரத் தாயின் கற்பனை இல்லை. பருவ வயதுப் பிள்ளைகளை இன்னொரு வீட்டில் ஊழியத்துக்கு விடுவது இங்கிலாந்திலும் நியூ இங்கிலாந்திலும் சர்வசாதாரணமான வழக்கம். மேல்மச்சில் படுத்திருக்கும் பிள்ளைகள் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுகிறது. கேலப் விடியுமுன் பொறியைப் பார்க்கக் காட்டுக்குக் கிளம்புவதே அக்காவை அனுப்பாமல் இருக்க ஏதாவது இறைச்சி கொண்டுவரலாம் என்றுதான். அதாவது அவன் சாவுக்கு வித்து அந்தப் படுக்கைப் பேச்சு.

பருவப்பெண்ணை மையமாக வைத்த அமெரிக்கப் பேய்ப்படங்களில் பெரும்பாலும் அவள் உடம்பிலேயே சக்தி புகுந்துவிடும். மாற்றம் வெளிப்படையாக நடக்கும். இங்கே தாமஸினுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆடு கறக்கும்போது பாலுக்குப் பதில் இரத்தம் வருகிறது, சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராக உடைகிறார்கள், அவள் மட்டும் முதலில் இருந்தபடியே இருக்கிறாள். வேலை செய்கிறாள், திட்டு வாங்குகிறாள். அன்யா டெய்லர்-ஜாய்க்கு இதுதான் முதல் பெரிய வேடம். பெரிய கண்களை வைத்துக்கொண்டு பயப்படுவதைவிட, அநியாயமாகத் திட்டு வாங்கும் பெண்ணின் மௌனத்தை அவர் நன்றாகச் செய்கிறார். மற்றவர்கள் அவளைச் சூனியக்காரி என்று சொல்லிச் சொல்லி, வேறு எதுவாகவும் இருக்க இடம் இல்லாமல் செய்துவிடுகிறார்கள்.

முடிவு இங்கேதான் சர்ச்சையானது. வீட்டில் யாரும் மிஞ்சாதபின் தாமஸின் ஆட்டுத் தொழுவத்துக்குப் போய், பேசு என்று கேட்கிறாள். ஆடு பேசுகிறது. அவள் உடையைக் களைந்து காட்டுக்குள் நடக்கிறாள். நெருப்பைச் சுற்றிப் பெண்கள் தரையைவிட்டு எழும்புகிறார்கள், அவளும் எழும்புகிறாள், சிரிக்கிறாள். இதை விடுதலை என்று கொண்டாடியவர்கள் நிறைய. சாத்தானின் பெயரையே வைத்துக்கொண்டு மத அதிகாரத்தை எதிர்க்கும் சேட்டானிக் டெம்பிள் அமைப்பு படத்துக்கு ஆதரவு தெரிவித்துச் சிறப்புத் திரையிடல்களே நடத்தியது. எதிர்ப்பக்கம், மதப்பற்றுள்ள பார்வையாளர்களில் சிலர் இதைப் பெருமையும் பொய்யும் ஒரு குடும்பத்தை எப்படி அழிக்கும் என்ற நல்ல எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். விடுதலைக் கட்சிக்கு ஒரு நினைவூட்டல்: அந்தப் பெண்கள் பறப்பதற்குப் பூசிக்கொள்வது என்ன தைலம் என்று படத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். எச்சரிக்கைக் கட்சிக்கும் ஒன்று: அவளுக்குத் திரும்பிப் போக எந்த வீடு மிச்சம் இருந்தது?

வெளிச்சம், சத்தம், வீட்டுத் திரை

படம் எடுத்தது நியூ இங்கிலாந்தில் இல்லை. செலவு கட்டுப்படியாகும் இடமாக, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கியோஸ்க் என்ற ஆளரவமற்ற காட்டுப் பகுதியில் எடுத்தார்கள். இயக்குநராகும் முன் எக்கர்ஸ் அரங்க, ஆடை வடிவமைப்பு வேலை பார்த்தவர். நியூ இங்கிலாந்தின் பிளிமத்தில் அந்தக் காலக் குடியிருப்பை மறுபடி கட்டி வைத்திருக்கும் அருங்காட்சியகத்தாரிடம் யோசனை கேட்டு, கையால் பிளந்த பலகையும் வேய்ந்த கூரையுமாக வீடு கட்டினார். ஒளிப்பதிவாளர் ஜாரின் பிளாஷ்கே பகலில் மேகமூட்டமான வானத்தையும், இரவு வீட்டுக்குள் மெழுகுவர்த்தியையுமே நம்பினார். சட்டகம் 1.66:1. இன்றைய பெரும்பாலான பேய்ப்படங்களின் அகலத் திரையைவிட இது குறுகல், உயரம் அதிகம். மரங்கள் தலைக்கு மேல் ஓங்கி நிற்பதும், குடிசைக்குள் ஐந்து பேர் மூச்சு முட்ட நெருங்கி நிற்பதும் அதனால்தான்.

இசையமைப்பாளர் மார்க் கோர்வனிடம் மின்னணு ஒலி வேண்டாம், பாட்டாக மனதில் நிற்கும் மெட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிக்கெல்ஹார்ப்பா என்ற சுவீடன் நாட்டு வில்வாத்தியமும் ஒரு குழுவின் குரல்களும் சேர்ந்து அந்தக் கிறீச்சொலியை உண்டாக்குகின்றன. குரல்கள் உச்சத்துக்கு ஏறி, திரை கறுப்பாகும் கணத்தில் படாரென்று அறுந்துவிடும். படத்தில் தூக்கிவாரிப் போடும் இடம் என்று ஏதாவது இருந்தால் அந்த மௌனம்தான்.

எல்லாம் சரியாக அமைந்தது, கறுப்பு ஆட்டைத் தவிர. சார்லி என்ற அந்தக் கிடா நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சாந்தமாக நிற்கச் சொன்னால் முட்டும், முட்டச் சொன்னால் படுத்துவிடும். வில்லியமாக நடித்த ரால்ஃப் இனெசனுக்கு விலாவில் அடிபட்டதும் அதனால்தான். படத்தில் ஆடு அடங்காமல் திரிவது நடிப்பில்லை. அந்தக் கிடாதான் பின்னால் படத்திலேயே பெரிய நட்சத்திரமானது. படத்தில் அதன் பெயரான பிளாக் ஃபிலிப் என்ற பெயரில் சட்டை, ஸ்டிக்கர், மீம் எல்லாம் வந்துவிட்டன.

இந்தத் தேர்வுகள் வீட்டுத் திரையில் எளிதில் கெட்டுப்போகும். டிவி திரை 16:9. படம் அதைவிடக் கொஞ்சம் குறுகல் என்பதால் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரியும். அதைப் போக்க ஜூம் செய்தால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, மரத்தின் உயரம் போய்விடும். அசைவை மழமழப்பாக்கிக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங் வசதி ஓடிக்கொண்டிருந்தால் மெழுகுவர்த்தி வெளிச்சம் சீரியல் செட் மாதிரி ஆகிவிடும், அணைத்துவிட வேண்டும். மொபைலில் குறைந்த டேட்டாவில் ஓட்டினால் இருட்டுப் பகுதிகள் கட்டம் கட்டமாகச் சிதறும். அப்போது காட்டுக்குள் நிற்பது மரமா ஆளா என்று தெரியாது, தெரியவேண்டிய படம் இது. பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வைத்துப் பார்ப்பதும் வீண். எல்லாவற்றையும்விட முக்கியம் சப்டைட்டில். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களில் பலரே அதைப் போட்டுக்கொண்டுதான் பார்க்கிறார்கள். தியேட்டரில் இல்லாத அந்த வரிகள் வீட்டில் கிடைத்தபோதுதான், ஆப்பிளும் கிண்ணமும் விறகும் எங்கே தொடங்கின என்று இரண்டாம் முறை பார்த்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள். படத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறியதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2017-ல் முதல் படத்துக்கும் முதல் திரைக்கதைக்குமான இரண்டு இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுகளும் வந்தன.

சப்டைட்டிலோடு பார்க்கும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கலாம். நமக்கு நீ, நீங்கள் இருக்கிற மாதிரி அந்தக் கால ஆங்கிலத்திலும் இரண்டு இருந்தன: நெருக்கத்துக்கு 'தவ்', மரியாதைக்கு 'யூ'. கடவுளைக் கூப்பிடுவது, நம் தேவாரம் போலவே, 'நீ' என்றுதான். படத் தொடக்கத்தில் தாமஸின் முழங்காலிட்டு நீண்ட ஜெபம் செய்கிறாள். சோம்பலாக இருந்தேன், பெற்றோர் சொல் கேட்கவில்லை, ஓய்வுநாளில் விளையாடினேன், உன் மகனுக்காக என்னை மன்னித்துவிடு. மேலே எங்கிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை. கடைசியில் ஆட்டையும் அதே 'நீ' போட்டுத்தான் அழைக்கிறாள். உன்னால் என்ன தர முடியும் என்கிறாள். வெண்ணெயின் ருசி வேண்டுமா, அழகான உடுப்பு வேண்டுமா, உலகத்தைப் பார்க்க வேண்டுமா என்று பதில் வருகிறது. படம் முழுக்க அவளைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்ட முதல் ஆள்.

பிறகு ஒரு புத்தகத்தைக் காட்டி அதில் பெயரை எழுதச் சொல்கிறது. சேலம் வழக்குகளில் சாத்தானின் இந்தப் புத்தகம் திரும்பத் திரும்ப வரும். அதில் இரத்தம் போன்ற சிவப்பில் கீறல் போட்டேன் என்றும், ஒன்பது கீறல்களைப் பார்த்தேன் என்றும் டிடுபா என்ற அடிமைப்பெண் விசாரணையில் சொல்லியிருக்கிறாள். நியூ இங்கிலாந்துப் பெண் குழந்தைகளுக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பார்கள், எழுதக் கற்றுக்கொடுப்பது அபூர்வம். எழுத்து ஆண்பிள்ளைகளின் தொழிலுக்கானது. எனக்குப் பெயர் எழுதத் தெரியாதே என்கிறாள் தாமஸின். நான் கையைப் பிடித்து எழுத வைக்கிறேன் என்கிறது அந்தக் குரல்.